கறவை மாடும் லேப்டாப்பும் ஒரே நாள்ல வந்த கதை

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்னிக்குத் திருவள்ளூர் மாவட்டத்துல முதலமைச்சர் ஜெயலலிதா பல திட்டங்களை ஒண்ணா தொடங்கி வெச்சாங்க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, ஏழைப் பெண்களுக்குக் கறவை மாடு, ஆடு, அப்புறம் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் லேப்டாப். பட்டணத்து நண்பர்கள் பலரும் எல்லாத்தையும் 'இலவசம்'னு ஒரே மூட்டையா கட்டிப் பேசுனாங்க. மாடு வளர்க்கிறவன்ங்கிறதால எனக்கு மாட்டையும் லேப்டாப்பையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பார்க்கத் தோணுது.

பால் சங்கம் இல்லாத ஊரா பார்த்து மாடு குடுத்தாங்க, அங்க சங்கம் தொடங்குனாங்க. மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சு. சீக்கு வந்தா பார்க்க கால்நடை ஆஸ்பத்திரி ஏற்கனவே இருக்கு. லேப்டாப் கூட வந்தது ஒரு சார்ஜர், ஒரு பை.

ஆளுக்கொரு கம்ப்யூட்டர்ங்கிற யோசனை ரொம்பப் பழசு. 1967-ல அமெரிக்காவுல சீமோர் பாப்பர்ட்டும் கூட இருந்தவங்களும் சேர்ந்து 'லோகோ'ன்னு பிள்ளைகளுக்கான கம்ப்யூட்டர் மொழியை உருவாக்குனாங்க. அதுல ஒரு ஆமை உண்டு. "நூறு அடி முன்னால போ, 90 டிகிரி திரும்பு"ன்னு நாலு தடவை சொன்னா அது ஒரு சதுரம் போட்டுடும். (வயல் மூலையில ஏரைத் திருப்புற கணக்குதான்.) கம்ப்யூட்டர் பிள்ளைக்குப் பாடம் நடத்தக் கூடாது, பிள்ளைதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கணும்ங்கிறது அவரோட கட்சி. அவரைப் போய்ப் பார்த்துட்டு வந்த ஆலன் கே, 1972-ல ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குப் பிள்ளைகள் கையில கம்ப்யூட்டர் இருக்கணும்னு கட்டுரையே எழுதுனார். அந்த மாதிரி மிஷின் அப்ப உலகத்துலயே கிடையாது!

1990-ல மெல்போர்ன்ல ஒரு பெண்கள் பள்ளி ஆளுக்கொரு லேப்டாப்னு முதல்ல செஞ்சு பார்த்துச்சு. வசதியுள்ள பள்ளி, பெத்தவங்க காசு. 2002-ல அமெரிக்காவுல மெய்ன் மாநில அரசு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் குடுத்துச்சு. 2005-ல நிக்கோலஸ் நெக்ரோபாண்டே நூறு டாலர் லேப்டாப் கொண்டு வரப்போறேன்னு கிளம்புனார். நூறு டாலருக்கு அது கடைசிவரை வரலை. ஆனாலும் வெயில்ல வெச்சாலும் திரை தெரியும், அந்த வரைக்கும் நல்ல மிஷின். 2006-ல நம்ம மத்திய அரசு அது வேண்டாம்னு சொல்லிடுச்சு. இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே வாத்தியார் பத்தலைங்கிறது அவங்க வாதம். அதுல நியாயம் இல்லாம இல்லை.

அந்த மிஷினை நாடு முழுக்க எடுத்துட்டுப் போனது உருகுவே. 2007 மே மாசம் முதல்முதலா குடுக்கறதுக்கு அவங்க எடுத்துக்கிட்ட ஊர் தலைநகரம் இல்லை, வில்லா கார்தால்னு ஒரு சின்ன ஊர். கறவை மாடு வெச்சுப் பிழைக்கிற பகுதி. இதைப் படிச்சப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். 2009 முடியறதுக்குள்ள அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் மூன்றரை லட்சம் பேருக்கு மேல குடுத்துட்டாங்க. வாத்தியார்களுக்கும் ஆளுக்கொண்ணு. பள்ளிகளுக்கு இணையம் இழுத்தாங்க. பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஊரா போய்ப் பெத்தவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவுனாங்க. ஆங்கில வாத்தியார் இல்லாத பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருத்தர் திரையில வந்து நடத்துவார், வகுப்பு வாத்தியார் கூடவே நின்னு அதைத் தொடர்ந்து பழக்குவார். 2012-ல ஆரம்பிச்ச இந்த ஏற்பாடுதான் அந்தத் திட்டத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அதுக்காக அங்க எல்லாப் பிள்ளையும் கணக்குல புலி ஆயிடலை. மிஷினால மட்டும் கணக்கு, வாசிப்பு மார்க் ஏறலைன்னு அங்கயே ஆய்வு வந்திருக்கு. பெருவுல அதே மிஷினைப் பல லட்சம் குடுத்தாங்க. 319 கிராமப் பள்ளிகள்ல பார்த்து 2012-ல வந்த ஆய்வும் கணக்குலயும் மொழியிலயும் முன்னேற்றம் தெரியலைன்னுதான் சொல்லுச்சு. பல பள்ளிகள்ல இணையமே இல்லை, பாடம் நடத்துற முறையும் பெருசா மாறலை.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். எங்க அக்கா பொண்ணு 2012-ல பிளஸ் டூ. லேப்டாப் கையில கிடைச்சப்ப பரீட்சைக்கு மாசக்கணக்குதான் பாக்கி. பள்ளிக்கூடத்துக்கு அதை ஒருநாள்கூட எடுத்துட்டுப் போகலை. எடுத்துட்டுப் போய் என்ன பண்றது? பாடம், கைடு, போன வருஷக் கேள்வித்தாள் எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. கதிர் முத்துன பிறகு தண்ணி பாய்ச்சுன மாதிரிதான். நடவு அன்னிக்கு வரவேண்டிய தண்ணி அது.

ஆனா வீட்டுல அது சும்மா கிடக்கலைங்க. கவுன்சிலிங் விண்ணப்பத்துல இருந்து கல்லூரி அசைன்மெண்ட் வரைக்கும் அதுலதான் செஞ்சா. பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து உட்காருவாங்க. டைப் அடிக்கப் பழகி, டாலி படிச்சு, இன்னிக்கு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு பார்க்கறா. ஓசியில குடுத்தா மதிப்பு இருக்காதுன்னு சொல்றவங்க அவகிட்ட வந்து சொல்லணும். எனக்கு இருக்கிற வருத்தம் வேற. வீட்டை அவ்வளவு மாத்துன ஒரு சாமான், வகுப்பறை வாசப்படியைத் தாண்டவே இல்லை.

2025 பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் இல்லேன்னா டேப்லெட்னு அறிவிச்சிருக்காங்க. நல்லதுதான். அக்கா பேரன், அதாவது அதே பொண்ணோட பையன், இப்ப ரெண்டாம் வகுப்பு. அம்மாவோட பழைய லேப்டாப்ல பேட்டரி போய் நாளாச்சு, பிளக்குல சொருகி வெச்சா ஓடுது. லோகோவை அதுல இறக்கிக் குடுத்திருக்கேன். ஆமை இன்னும் நேரா போக மாட்டேங்குதாம்.