வெளிர் தோல் திட்டுகள்

வெளிர் தோல் திட்டுகள் என்பன சுற்றியுள்ள தோலைவிட நிறம் குறைந்தோ, நிறம் முற்றிலும் அற்றோ காணப்படும் தோல் பகுதிகளாகும். இது தனியொரு நோயின் பெயரன்று. பல தோல் நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியாகும். தொழுநோய், வெண்புள்ளி நோய், தேமல், பிட்டிரியாசிஸ் ஆல்பா ஆகிய நான்கும் இத்தகைய திட்டுகளைப் பரவலாகத் தோற்றுவிக்கின்றன. இவை நான்கும் காரணத்திலும் மருத்துவத்திலும் வேறுபட்டவை. இவற்றுள் தொழுநோயைக் காலந்தாழ்த்திக் கண்டறிந்தால் மீளாத ஊனம் ஏற்படலாம். எனவே இவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

நிறக்குறைவும் நிறமின்மையும்

தோலின் நிறத்திற்கு மெலனின் என்னும் நிறமியே முதன்மைக் காரணம். இது மேல்தோலின் அடியடுக்கில் உள்ள மெலனோசைட்டு எனப்படும் உயிரணுக்களில் உருவாகிறது. இவ்வுயிரணுக்களின் பணி குறையும்போது தோல் வெளிறுகிறது. அவை அழிந்துவிடும்போது தோல் பால் போன்ற வெண்மை அடைகிறது. முதலாவது நிறக்குறைவு எனவும், இரண்டாவது நிறமின்மை எனவும் கொள்ளப்படும். தொழுநோய்த் திட்டுகள் வெளிறியோ செந்நிறமாகவோ இருக்குமேயன்றி, முழு வெண்மை அடைவதில்லை.

தொழுநோய்

இந்நோய் மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் பாக்டீரியாவால் உண்டாகிறது. இதனை 1873 ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் கெரார்டு ஆன்சன் கண்டறிந்தார். இக்கிருமி தோலையும் புற நரம்புகளையும் தாக்குகிறது. இதனால் திட்டு உள்ள இடத்தில் தொடு உணர்வு, வெப்ப உணர்வு, வலி உணர்வு ஆகியன குறைகின்றன. அவ்விடத்தில் வியர்வை சுரப்பது குறைந்து தோல் வறண்டு காணப்படலாம்; முடியும் உதிரலாம். திட்டில் பொதுவாக அரிப்போ வலியோ இராது. இதனாலேயே பலர் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றனர்.

பின்வருவனவற்றுள் ஒன்றேனும் இருப்பின் தொழுநோய் உறுதி செய்யப்படுகிறது:

- வெளிறிய அல்லது சிவந்த திட்டில் திட்டவட்டமான உணர்விழப்பு
- புற நரம்பு தடித்திருத்தலுடன், அந்நரம்பு சார்ந்த பகுதியில் உணர்விழப்பு அல்லது தசை வலுவின்மை
- தோல் கீறல் மாதிரியில் கிருமி காணப்படுதல்

உணர்வுச் சோதனைக்குப் பஞ்சுத் திரி போன்ற மென்மையான பொருள் போதுமானது. முதலில் நோயாளிக்குச் சோதனை விளக்கப்படுகிறது. பின்னர் அவர் கண்களை மூடிக்கொள்ள, திட்டின் மீதும் இயல்பான தோலின் மீதும் மாறிமாறித் தொடப்படுகிறது. தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். முகத்தில் நரம்புகள் செறிந்திருப்பதால் அங்குள்ள திட்டுகளில் உணர்விழப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். கிருமிகள் மிகுந்த வகையிலும் தொடக்கத்தில் உணர்வு எஞ்சியிருக்கக்கூடும். ஆதலால் உணர்வு இருப்பது மட்டுமே தொழுநோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. முழங்கையின் உட்புறம், முழங்காலின் வெளிப்புறம், கழுத்தின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் நரம்புகளைத் தடவிப் பார்ப்பதும் சோதனையின் பகுதியாகும்.

வெண்புள்ளி நோய்

இதில் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மெலனோசைட்டுகளை அழிக்கிறது. திட்டுகள் பால் வெண்மையாகவும் தெளிவான விளிம்புடனும் இருக்கும். இவை பெரும்பாலும் விரல்கள், வாய், கண் ஆகியவற்றைச் சுற்றியும், உடலின் இருபுறமும் ஒத்த இடங்களிலும் தோன்றுகின்றன. திட்டின் மீதுள்ள முடியும் நரைக்கலாம். காயமோ உராய்வோ ஏற்பட்ட இடத்தில் புதிய திட்டு உருவாவது கோப்னர் விளைவு எனப்படும். தொடு உணர்வு இயல்பாகவே இருக்கும், செதில் இராது. இந்நோய் தொற்றாது. சிலருக்குத் தைராய்டு நோயும் உடனிருக்கலாம்.

தேமல்

இது தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை மிகுவதால் ஏற்படுகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க இடங்களில் அதிகம் காணப்படுகிறது. மார்பு, முதுகு, கழுத்து, மேற்கை ஆகிய இடங்களில் சிறு திட்டுகளாகத் தோன்றி ஒன்றிணையும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் தவிடு போன்ற நுண்செதில் உதிர்வது இதன் சிறப்பு அடையாளம். பூஞ்சை நீங்கிய பின்னும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். இதனை மருந்து பயனளிக்கவில்லை எனத் தவறாகக் கருதுவதுண்டு.

பிட்டிரியாசிஸ் ஆல்பா

சிறுவர்களின் கன்னங்களில் தெளிவற்ற விளிம்புடனும் சிறு செதிலுடனும் காணப்படும் வெளிறிய திட்டுகள் இவை. வறண்ட தோலும் ஒவ்வாமை இயல்பும் உடையோரிடம் மிகுதி. இவை குடற்புழுக்களால் தோன்றுவன என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இதற்கு அடிப்படை இல்லை. காலப்போக்கில் தாமே மறைகின்றன.

துணை ஆய்வுகள்

வுட் விளக்கு எனப்படும் புறஊதாக் கதிர் விளக்கின் கீழ் வெண்புள்ளித் திட்டுகள் நீலங்கலந்த வெண்மையாகவும், தேமல் சில வேளைகளில் பொன்மஞ்சளாகவும் ஒளிரும். தேமலின் செதிலைப் பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசலிட்டு நுண்ணோக்கியில் காண, குறுகிய பூஞ்சை இழைகளும் உருண்டை வித்துகளும் தெரியும். கண்டறியும் முன் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமாகப் பூசுவது இவ்வடையாளங்களை மறைத்துவிடும்.

பெயர்க் குழப்பமும் விளைவுகளும்

வெண்புள்ளி நோய் நெடுங்காலமாக வெண்குட்டம் என வழங்கப்பட்டது. குட்டம் என்பது தொழுநோயைக் குறிக்கும் சொல்லாதலால், தொற்றாத இந்நோய் உடையோரும் திருமணம், வேலை ஆகியவற்றில் ஒதுக்கப்பட்டனர். இதற்கு நேர்மாறாக, தொழுநோய்த் திட்டினைத் தேமல் எனக் கருதி மருத்துவம் பெறாதிருந்தோர் விரல் மடங்குதல், உள்ளங்காலில் ஆறாப் புண், கண் பாதிப்பு ஆகியவற்றுக்கு ஆளாகின்றனர்.

தொழுநோய் முற்றிலும் குணப்படுத்தக்கூடியது. உலக சுகாதார நிறுவனம் 1981 ஆம் ஆண்டில் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் ஆகியன அடங்கிய கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இம்மருந்துகள் 1995 முதல் உலகெங்கும் இலவசமாக வழங்கப்படுகின்றன. நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்கள் மருந்து உட்கொள்ள வேண்டும். மருந்து தொடங்கியபின் நோய் பிறருக்குப் பரவும் வாய்ப்பு விரைவில் நீங்குகிறது. 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005 இறுதியில் எட்டியது. எனினும் 2023 ஆம் ஆண்டில் உலகில் கண்டறியப்பட்ட புதிய நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவைச் சேர்ந்தோரே. கிருமியை மருந்து அழித்தாலும், அதற்கு முன் சிதைந்த நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை.