கடலைத் தடுத்து வாழும் ஹாலந்து மக்கள்



கோலசிலாங்கூரில் புக்கிட் மெலாவாத்தி குன்றின்மேல் ஏறியவர்கள், அங்குள்ள பீரங்கிகளையும் 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கத்தையும் பார்த்திருப்பீர்கள். அவ்விளக்கத்தின் பெயர் அல்திங்ஸ்பர்க். இது மலாய்ச் சொல்லுமன்று, ஆங்கிலச் சொல்லுமன்று, டச்சுப் பெயர். 1784-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் சுல்தான் இப்ராகிமின் கோட்டையைக் கைப்பற்றி, பத்தாவியாவிலிருந்த தங்கள் தலைமை ஆளுநர் அல்திங்கின் பெயரை அதற்குச் சூட்டினர். மறு ஆண்டே சுல்தான் பகாங்கின் துணையோடு கோட்டையை மீட்டுக்கொண்டார். பெயர் மட்டும் தங்கிவிட்டது. இத்தனை தூரம் கடல் கடந்து வந்த அந்த மக்கள் யார்?

அவர்களுடைய நாடு நெதர்லாந்து. ஹாலந்து என்றும் சொல்வது வழக்கம். 'தாழ்ந்த நிலம்' என்பதே நெதர்லாந்து என்னும் பெயரின் பொருள். பரப்பில் நமது பகாங் மாநிலத்தைவிடச் சற்றே பெரிய அந்நாட்டில், ஏறக்குறைய ஒரு கோடியே எண்பது லட்சம் மக்கள் வாழ்கின்றனர். தலைநகர் ஆம்ஸ்டர்டாம், அரசாங்கம் நடைபெறுவது ஹேக் நகரில். நம் நாட்டைப்போல் அங்கும் மன்னர் உண்டு. ஆள்வது மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கம்.

அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. கரையோரத் தோட்டங்களில் இருப்போருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அலையைத் தடுக்க மண்கரை, நீரை வடிக்க வாய்க்கால், அடைக்கவும் திறக்கவும் மதகு, இங்குள்ளவையே அங்கும். முன்னாளில் காற்றாலைகள் நீரை இறைத்தன. இன்று இயந்திரங்கள் இறைக்கின்றன.

கரை ஓரிடத்தில் உடைந்தாலும் ஏழை பணக்காரர் எல்லார் வீடும் மூழ்கும். ஆகவே 13-ஆம் நூற்றாண்டிலேயே மக்கள் கூடி நீர் வாரியங்களை அமைத்தனர். அவற்றுக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. அப்படியிருந்தும் 1953 பிப்ரவரி முதல் நாள் புயலில் கரைகள் உடைந்து 1,836 பேர் மாண்டனர். அதன்பின்னர் மேலும் பெரும் கடலணைகள் எழுந்தன.

ஆனால் அந்நாட்டின் செல்வம் உள்ளூர் உழைப்பால் மட்டும் வந்ததன்று. தென் அமெரிக்காவின் சூரினாமில் இருந்த டச்சுத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தனர். 1863-இல் அடிமை முறை ஒழிந்தது. பிறகு 1873 முதல் 1916 வரை, கல்கத்தாவிலிருந்து ஏறக்குறைய 34,000 இந்தியர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கே கொண்டுபோகப்பட்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் பாட்டன் பாட்டியின் கதையும் இதுபோன்றதுதானே?

1975-இல் சூரினாம் விடுதலை பெற்றது. அக்காலத்தில் அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் பல்லாயிரவர் நெதர்லாந்து சென்று குடியேறினர். ஹேக் நகரில் இன்று அவர்கள் பெருந்தொகையினர், அந்நாட்டுக் குடிமக்கள். 2022 டிசம்பரில் நெதர்லாந்துப் பிரதமர், அடிமை முறைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

நேயர்களே, அடுத்த முறை பிள்ளைகளோடு அக்குன்றில் ஏறும்போது இவ்விரண்டையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்: ஒற்றுமையாய்க் கரை கட்டிய மக்கள் அவர்கள், பிறர் மண்ணில் கோட்டை கட்டியவர்களும் அவர்களே. கோட்டை ஓராண்டில் கைமாறியது. கூடிக் கட்டிய கரை இன்றும் காக்கிறது.