முதல் வேலையும் நிறுவனத்தின் அளவும்

கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனமா, ஐம்பது பேர் பணிபுரியும் சிறுநிறுவனமா என்னும் கேள்வியை இளம் பொறியாளர்கள் பெரும்பாலும் சம்பளக் கணக்காகவே அணுகுகிறார்கள். பெருநிறுவனம் கூடுதலாகக் கொடுக்கிறது என்பது உண்மையே. தொழிலாளரின் தகுதி, பணிச்சூழல் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னும் அந்த வேறுபாடு எஞ்சுவதைப் பொருளியலாளர்கள் பிரவுனும் மெடாஃபும் 1989-இல் காட்டினர். ஆனால் ஸ்பெயின் நாட்டுத் தொழிலாளர் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் அரெயானோ போவெரின் முடிவு இதைவிட முக்கியமானது. பெருநிறுவனத்தில் தொடங்கியவர்கள், அங்கிருந்து விலகிய பின்னரும் நெடுங்காலம் கூடுதலாக ஈட்டுகிறார்கள். அப்படியானால் முதல் நிறுவனம் அவர்களிடம் ஏதோ ஒரு திறனை விட்டுச்செல்கிறது. அந்தத் திறன் கற்பிக்கும் ஏற்பாட்டிலிருந்து வருகிறது. நிறுவனத்தின் அளவு அந்த ஏற்பாட்டின் வெளி அடையாளம் மட்டுமே என்பது என் வாதம்.

பொருளியலாளர் கேரி பெக்கர் 1964-இல் பயிற்சியை இருவகையாகப் பிரித்தார்: எங்கும் செல்லுபடியாகும் பொதுப்பயிற்சி, கொடுத்த நிறுவனத்துக்கு மட்டுமே உதவும் தனிப்பயிற்சி. கூகுளில் கற்பதில் இரண்டும் கலந்திருக்கின்றன. போர்க் போன்ற அந்நிறுவனத்தின் உள்கருவிகள் வெளியே கிடைப்பதில்லை. அவற்றில் பெற்ற தேர்ச்சி வாசலோடு நின்றுவிடும். (போர்க் தந்த அனுபவத்திலிருந்து பிறந்த குபெர்னெட்டீஸ் என்னும் மென்பொருள் 2014-இல் பொதுவுக்கு வந்தது விதிவிலக்கு.) ஆனால் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே சேர்ப்பது என்னும் கோட் ரிவியூ ஒழுங்கு வேறு வகை. தன் தவறு எங்கே, ஏன் என்பதை மூத்தவர் ஒருவர் வரிவரியாகச் சுட்டிக்காட்டும்போது உருவாகும் பழக்கம் எந்த நிறுவனத்துக்கும் கூடவே வரும்.

சிறுநிறுவனத்தில்தான் முழுப்பொறுப்பும் கிடைக்கிறது என்று மறுப்போர் வாட்ஸ்அப்பைச் சுட்டுவார்கள். 2014-இல் ஃபேஸ்புக் அதை வாங்க முன்வந்தபோது, 45 கோடிப் பயனர்களின் சேவையை முப்பத்துச் சொச்சம் பொறியாளர்களே நடத்தினர். எனினும் அதைத் தொடங்கிய இருவரும் யாஹூவில் ஏறத்தாழப் பத்தாண்டு பணியாற்றியவர்கள். சிறிய குழுவின் சாதனைக்குப் பின்னால் பெருநிறுவனத்தில் பழகிய கை இருந்தது. வழிகாட்ட ஆளில்லாத இடத்தில் பொறுப்பை ஏற்கும் புதியவர், தன் பிழைகளையே வழக்கமாக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆனால் கற்பித்தல் பெருநிறுவனத்தின் தனியுடைமையும் அன்று. சென்னையின் ஜோஹோ, இன்றைய அளவுக்கு வளராத காலத்திலேயே பள்ளிப்படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகையுடன் பயிற்சியளித்துப் பொறியாளர்களாக்கத் தொடங்கியது.

பெருநிறுவனத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பணிப்பாதுகாப்பு என்னும் வாதமும் இன்று வலுவிழந்துவிட்டது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. ஆகவே நேர்காணலில் மாணவர் கேட்க வேண்டியது ஒன்றே: நான் எழுதும் நிரலை யார் படித்துத் திருத்துவார்? இதற்குப் பதில் இல்லாத சிறுநிறுவனத்தைவிடப் பெருநிறுவனமே முதல் வேலைக்கு உகந்தது. தெளிவான பதில் தரும் சிறுநிறுவனம் அமைந்தால், சம்பளம் குறைந்தாலும் அதையே தேர்ந்தெடுக்கலாம்.