கப்பலுக்கு உதவாத காடு

ஆரணிக்காரனுக்குக் காடு என்றால் ஜவ்வாது மலைதான். மேற்கே நீலமாகத் தெரியும். கிட்டப் போனால் முள்ளும் பாறையும் வெயிலும். ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பேர் போனது. மழைக்காடு என்பது எங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய்.

சென்ற மாசி மாதம் ஆனைமலையில் உள்ள டாப்ஸ்லிப்புக்குப் போனேன். உடன் வந்தவர் எங்கள் தெருவிலே பட்டு நெய்கிற பெரியவர். நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்த மனிதர். ஆனாலும் மலைப் பாதையில் என்னை முந்திக்கொண்டு நடந்தார்.

டாப்ஸ்லிப் என்ற பெயரே ஒரு சரித்திரம். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை யானைகளைக் கொண்டு இழுத்து வந்து, இந்த உச்சியிலிருந்து சரிவிலே வழுக்கி விடுவார்களாம். அந்தத் தேக்கு போய்ச் சேர்ந்த இடம் பம்பாய்க் கப்பல்துறை. உப்புத் தண்ணீருக்கும் கரையானுக்கும் எளிதில் மசியாத மரம் அல்லவா? 1848-ல் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை ஆனைமலைக் காட்டுக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். காட்டைக் காக்கத்தான் போட்டார்கள், காத்தது கப்பலுக்காக.

பிறகு ரயில் வந்தது. 1856 ஜூலை முதல் தேதி, தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. வாலாஜா எங்களுக்கு அண்டை ஊர் மாதிரி. தண்டவாளத்தின் அடியிலே போடக் கட்டை வேண்டும். எஞ்சின் அடுப்புக்கு விறகு வேண்டும். அதே 1856-ல்தான் சென்னை ராஜதானிக்குக் காட்டுப் பாதுகாவலர் என்ற புது உத்தியோகம் ஏற்பட்டது. ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காத்லாந்து வைத்தியர் அதில் அமர்ந்தார். ரயிலும் வனக் காவலும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். இதைச் சேர்த்துச் சொல்ல எங்கள் சரித்திர வாத்தியாருக்கு ஏனோ தோன்றவில்லை.

வெட்டி வெட்டி மொட்டையான மலையில் மறுபடியும் தேக்கை நட்டவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் தரையில் குழி போட்டு, சட்டைப் பையிலிருந்து விதையை எடுத்துப் போட்டபடியே நடப்பார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933-ல் காலமானார். அவர் நட்ட மரங்களின் நடுவிலேயே கல்லறை. நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீனில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. சுற்றிலும் பார்த்தேன். பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை.

ஆனால் அது மாசி மாதம். தேக்கு இலை உதிர்த்துவிட்டு வரிசை வரிசையாக மொட்டையாக நின்றது. காலடியில் சருகு அப்பளம் போல் நொறுங்கிற்று. பெரியவர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, காலையிலே நம்ம தெருவிலே பாவு நீட்டி வைச்சிருப்போமே, அதுதான் இது."

"ஏண்ணே அப்படிச் சொல்றீங்க?"

"இழை இருக்குது. ஊடை இல்லை. இன்னும் நெய்யலை."

ஊடை என்னவென்பது கரியன் சோலைக்குள் நுழைந்ததும் தெரிந்தது. வனத்துறை வழிகாட்டி முன்னே நடக்க, ஒற்றையடிப் பாதையில் பின்தொடர்ந்தோம். பத்தடிக்குள் வெயில் அணைந்துவிட்டது. மரங்களின் அடியிலே சுவர் போல் பலகை வேர்கள். ஒரு மரத்தின் மேல் இன்னொரு செடி, அதன் மேல் பாசி, எல்லாவற்றையும் சுற்றிக் கொடி. காலில் ஏறிய அட்டையைப் பெரியவர் நூல் முடிச்சை எடுப்பது போல் நிதானமாக எடுத்துப் போட்டார். உச்சியில் ஒரு சிங்கவால் குரங்குக் கூட்டம். கறுப்பு முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு அது.

இந்தச் சோலை எப்படித் தப்பியது? பதில் வேடிக்கையானது. தேக்கு இப்படிப்பட்ட பசுமை மாறாக் காட்டில் வளர்வதில்லை. கப்பல்காரனுடைய கோடாலிக்கு இங்கே வேலை இல்லை. உபயோகமற்ற காடு என்பதே அதற்குக் காவலாயிற்று. ஆனால் அந்தக் காவல் எல்லா இடத்திலும் செல்லவில்லை. 1890-களிலிருந்து வால்பாறை மேட்டில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இதே மாதிரிக் காடுகள் அழிந்தன. தேயிலைக்காரனுக்கு வேண்டியது மரமல்ல, மரம் நின்ற மண். தோட்டங்களுக்கு நடுவே தீவு தீவாக எஞ்சிய துண்டுக் காடுகளில் அங்கும் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குப் போகத் தார் ரோட்டைத் தாண்டுகின்றன.

ஆனைமலை 1976-ல் சரணாலயமாயிற்று. 1989-ல் கரியன் சோலை தேசியப் பூங்காவில் சேர்ந்தது. 2007-ல் புலிகள் காப்பகம் வந்தது. எனக்கென்னவோ கல்லறையில் உள்ள வாசகத்தை இந்தப் பாதையின் முகப்பிலும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம் என்று தோன்றிற்று. இங்கே நட்டவர் யாரும் இல்லை என்பதுதான் சங்கடம்.

வழிகாட்டி கை காட்டி எங்களை நிறுத்தினார். ஒரு நெடுமரத்தின் பொந்து. வாயில் மண் பூசினாற்போல் அடைப்பு. நடுவே ஒரு கீறல். உள்ளே பெண் இருவாச்சி அடைகாக்கிறதாம். குஞ்சு வளரும் வரை ஆண் பறவைதான் பழம் கொண்டு வந்து ஊட்ட வேண்டும். அது தின்று எச்சமிடும் விதைகள் காடு முழுவதும் விழுந்து முளைக்கின்றன.

"என்ன மரம் தம்பி இது?" என்றார் பெரியவர்.

வழிகாட்டி ஏதோ பேர் சொன்னார். "விறகுக்குக்கூட ஆகாதுங்க."

அப்போது தலைக்கு மேலே, பழைய நிலக்கரி எஞ்சின் மூச்சு விடுவது போல், புஸ் புஸ் என்று இறக்கைச் சத்தம் நெருங்கி வந்தது.