ப்ளே-ஆஃப் கணிப்பும் பட்டியலின் முதலிடமும்: ஐஎஸ்எல் அனுபவம், 2014–2025

2018 மார்ச் 7 அன்று பாலேவாடியில் எஃப்சி புனே சிட்டியும் பெங்களூரு எஃப்சியும் மோதிய அரையிறுதியின் முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. கிழக்கே ஏரவாடா முதல் மேற்கே பாலேவாடி வரை புனே ரசிகர்களுக்கு அதுவே முதல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) ப்ளே-ஆஃப். 18 லீக் ஆட்டங்களில் 40 புள்ளி எடுத்த அணியை, 30 புள்ளியுடன் நான்காவதாக வந்த அணி கட்டிப்போட்டது. நான்கு நாள் கழித்துப் பெங்களூருவில் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். பெங்களூரு 3-1 என வென்றது; புள்ளிப் பட்டியல் சொன்னதே நடந்தது. மார்ச் 17 இறுதியாட்டத்தில், சொந்த மைதானத்தில், அதே பெங்களூரு சென்னையின் எஃப்சியிடம் 3-2 எனத் தோற்றது. 9ஆம் நிமிடத்திலேயே சேத்ரி முன்னிலை தேடித் தந்தார். மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டிக் கோலாக்கியதும் லீக் சுற்றில் இரு அணிகளுக்கும் இடையே இருந்த எட்டுப் புள்ளி வித்தியாசம் பொருளற்றுப் போனது.

இதை ‘அதிர்ச்சித் தோல்வி’ என்பது சரியல்ல. வெல்லும் அணியின் பெயரை மட்டும் சொல்வது முழுமையான கணிப்பாகாது. எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்றும் சொல்லவேண்டும் என்பதே என் வாதம்.

2014 முதல் 2024-25 வரையிலான 11 பருவங்களில், லீக் சுற்றில் முதலிடம் பெற்ற அணி கோப்பையையும் வென்றது மூன்றே முறை: 2018-19இல் பெங்களூரு, 2020-21இல் மும்பை சிட்டி, 2024-25இல் மோகன் பகான். 2016இல் நான்காவதாக வந்த கொல்கத்தா வென்றது. நான்கு சீட்டில் ஒன்றை எடுப்பதற்கு ஏறத்தாழச் சமமான விகிதம்தானே, அப்படியானால் பட்டியலுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் கணக்கு அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. முதலிட அணிக்கு அரையிறுதியிலும் இறுதியிலும் தலா 60 விழுக்காடு வாய்ப்பு என்று கொள்வோம். இரண்டையும் தாண்டும் வாய்ப்பு 36 விழுக்காடாகிவிடும். அந்த நிலையிலும் 11 பருவங்களில் மூன்றோ அதற்குக் குறைவோ கோப்பைகள் கிடைப்பதற்குப் பத்தில் நான்கு பங்கு வாய்ப்பு உண்டு. பட்டியல் பயனற்றது என்று தீர்ப்பளிக்க 11 பருவங்கள் போதா.

கால்பந்தில் கோல்கள் அரிதானவை என்பதே அடிப்படைக் காரணம். 1982இல் புள்ளியியலாளர் மாஹர் கோல் எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவலை (அரிதான நிகழ்வுகளின் எண்ணிக்கைக்கான நிகழ்தகவு மாதிரியை) பொருத்திக் காட்டினார். ஓர் அணிக்குச் சராசரி 1.6 கோல், எதிரணிக்கு 1.1 என்று வைத்தால், வலிய அணி வெல்லும் வாய்ப்பு 49 விழுக்காடு, சமன் 25, தோல்வி 26. 0-0, 1-1 போன்ற சிறிய ஸ்கோர்களுக்கு இந்த மாதிரி சரியாகப் பொருந்தாததால் புள்ளியியலாளர்கள் டிக்சனும் கோல்ஸும் 1997இல் திருத்தம் செய்தனர். பாலேவாடி ஆட்டம் அந்த வகையைச் சேர்ந்ததே. பெனால்டி ஷூட்-அவுட் நிச்சயமின்மையை மேலும் கூட்டுகிறது. 2016, 2022, 2023 இறுதியாட்டங்கள் அதில்தான் தீர்ந்தன.

ஆட்டம் முடிந்தபின் பயிற்சியாளரின் வியூகத்தைக் காரணம் காட்டுவது எளிது. கணிப்பாளரின் தகுதியை அளக்க, அவர் முன்கூட்டியே எழுதிவைத்த விழுக்காடுகள் வேண்டும். வானிலை ஆய்வாளர் பிரையர் 1950இல் வானிலைக் கணிப்புக்கு வகுத்த அளவுகோல் இங்கும் பொருந்தும். எளிய வடிவில், கொடுத்த வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (வெற்றி 1, தோல்வி 0) உள்ள வேறுபாட்டின் வர்க்கமே பிழை மதிப்பு: 2018 இறுதியாட்டத்தில் பெங்களூருவுக்கு 90 விழுக்காடு கொடுத்தவருக்குப் பிழை மதிப்பு 0.81, 60 கொடுத்தவருக்கு 0.36. இருவரும் ‘பெங்களூரு’ என்றே சொல்லியிருப்பார்கள். பெயரை மட்டும் பதிவு செய்யும் நம் விளையாட்டுப் பக்கங்களில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.