பெருவலு வானொலியும் எல்லைக்கு அப்பாலான கேட்போரும்: முரசுமோட்டையிலிருந்து ஒரு நோக்கு

வானொலி நிலையமொன்றின் வலுவைக் கிலோவாற்றில் அளப்பது பொறியியலாளரின் பணி. எந்நிலையத்துக்கு எவ்வளவு வலு உரியது, அதன் குரல் எவரைச் சென்றடைதல் வேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பதோ அரசியல். வீச்சுப் பண்பேற்ற முறையில் மத்திய அலையிலே இயங்கும் பெருவலு நிலையங்களின் வகைப்பாடு இவ்விரண்டும் சந்திக்கும் இடமாகும். இக்கட்டுரை அவ்வகைப்பாட்டை ஒலிபரப்புவோர் பக்கத்திலிருந்தன்றிக் கேட்போர் பக்கத்திலிருந்து நோக்க முயல்கின்றது. அதற்குக் களமாகக் கொள்ளப்படுவது, பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், இரணைமடு நீரை நம்பி நெல் விளைக்கும் முரசுமோட்டை என்னும் கிராமம்.

மத்திய அலையின் இயல்பு முதலில் நோக்கற்பாலது. பகலில் அது நிலத்தையும் நீரையும் ஒட்டிச் செல்லும். உவர்நீர் வறண்ட நிலத்தினும் பல நூறு மடங்கு நன்றாக மின்னைக் கடத்துவதால், கடலைத் தாண்டிவரும் அலை குறைவாகவே நலிவுறும். இரவில் அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பும் அலை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் கேட்கும். ஆகவே, ஒரே அலைவரிசையிற் பல நிலையங்கள் இயங்கின் இரவில் ஒன்றையொன்று குழப்பும். வகைப்பாட்டின் தேவை இதனின்றே தோன்றியது.

ஐக்கிய அமெரிக்காவில் 1928இல் அலைவரிசைகள் மறுபகிர்வு செய்யப்பட்டபோது, 40 அலைவரிசைகள் குறுக்கீடற்ற தெளிந்த அலைவரிசைகளாக ஒதுக்கப்பட்டன. ஏனையவை பிரதேச நிலையங்களுக்கும் உள்ளூர் நிலையங்களுக்கும் உரியனவாயின. உள்ளூர் நிலையமற்ற நாட்டுப்புறத்து உழவனுக்கும் இரவில் ஒரு குரல் கேட்கவேண்டும் என்பதே முதல் வகைக்குக் கூறப்பட்ட முதன்மையான நியாயம். சின்சினாற்றியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையம் 1934 முதல் 1939 வரை 500 கிலோவாற் வலுவில் இயங்கியது. ஏகபோகம் உருவாகும் என்ற எதிர்ப்பின் விளைவாக, 1938இல் மேலவை 50 கிலோவாற் உச்சவரம்பை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. உழவன் பெயரால் எழுந்த வகைப்பாட்டில் வணிக நலன்கள் கலந்திருந்தமை மறுக்கற்பாலதன்று. எனினும், கேட்போன் அங்கு சட்டத்தின் மொழியில் இடம்பெற்றான்.

நமது பிராந்தியத்தின் நிலை வேறு. ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகியவற்றுக்கென 1975இல் ஜெனீவாவில் வகுக்கப்பட்ட திட்டம் 1978 நவம்பர் 23இல் நடைமுறைக்கு வந்தது. 9 கிலோஹேட்ஸ் இடைவெளியில் அலைவரிசைகள் நாடுகளுக்குப் பகிரப்பட்டன. சிறுவலு நிலையங்களுக்கென மூன்று அலைவரிசைகள் தனியே வைக்கப்பட்டன. 5060 கிலோஹேட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிபரப்பு, கோட்பாட்டளவில், தன் நாட்டின் எல்லைக்குள் தரமான தேசிய சேவையை நடத்தப் போதிய வலுவை மிஞ்சலாகாது என்பது சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளின் நிலைப்பாடு. ஈண்டுக் கேட்போன் என்பவன் ஓர் அரசின் குடிமகனாகவே கணிக்கப்படுகிறான். எல்லைக்கு அப்பால் இருப்பவன் கணக்கில் வாரான்.

முரசுமோட்டையில் நின்று இவ்விதியை நோக்குக. நேர்கோட்டில் திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 245 கிலோமீற்றர், தூத்துக்குடி ஏறத்தாழ 270, கொழும்போ 285. தமிழ்நாட்டிலிருந்து வரும் அலை பாக்கு நீரிணையையும் மன்னார்க் கடலையும் கடந்து வருகிறது. கொழும்பிலிருந்து வடக்கே வரும் அலை பெரும்பாலும் நிலத்தைக் கடக்கவேண்டும். 936 கிலோஹேட்ஸில் 100 கிலோவாற் வலுவுடன் ஒலித்த திருச்சி நிலையமும், 1053இல் 200 கிலோவாற் வலுவுடன் ஒலித்த தூத்துக்குடி நிலையமும் வன்னி மக்களுக்கு அயல்நாட்டு வானொலிகள். ஆனால் மொழியாலும் தூரத்தாலும் அண்டை வீடுகள்.

இலங்கை மண்ணிலேயே நிறுவப்பட்ட பெருவலு நிலையங்களின் கதை மேலும் கவனத்துக்குரியது. 1970களின் பிற்பகுதியில் ஒரு சர்வதேசக் கிறித்தவ ஒலிபரப்பு நிறுவனம் புத்தளத்திலிருந்து 882 கிலோஹேட்ஸில் 400 கிலோவாற் வலுவுடன் ஒலிபரப்பத் தொடங்கியது. அதன் இலக்கு இந்தியா. திருகோணமலையில் ஜேர்மன் வானொலி அமைத்த அஞ்சல் நிலையத்தின் மத்திய அலைக் கருவியும் 400 கிலோவாற் வலுவுடையது. அதன் இலக்கு தெற்காசியா. 65,610 சதுர கிலோமீற்றர்ப் பரப்புள்ள தீவின் மிக வலிய நிலையங்களுள் இவ்விரண்டும் தீவின் மக்களுக்காக எழுந்தவையல்ல. தேசிய எல்லை பற்றிய கோட்பாடு, நிதியும் வல்லமையும் உடையோரிடம் நெகிழ்ந்துகொடுத்தமையை ஈண்டு அவதானிக்கலாம்.

இது வெறும் தொழில்நுட்ப வினா அன்று என்பதை யுத்தகாலம் உணர்த்தியது. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. வானொலி மின்கலங்களும் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் செய்தி கேட்டனர். ஒருவர் மிதிக்கப் பலர் சூழ்ந்திருந்து செவிமடுத்த அவ்வேளைகளில், நிலையத்தின் கிலோவாற்று வலுவோடு மிதித்தவரின் காலின் வலுவும் சேர்ந்தே செய்தியைக் கொணர்ந்தது. ஒழுங்குவிதி முதலாவதை மட்டுமே அளந்தது.

மத்திய அலை ஒடுங்கி, பண்பலை மேலோங்கியுள்ள காலம் இது. சில பத்துக் கிலோமீற்றர் எல்லைக்குள் அடங்கும் பண்பலையில் ஒலி தெளிவானது; ஆனால் நீரிணையைத் தாண்டும் இயல்பு அதற்கு அரிது. குழப்பமற்ற அப்பரப்பிற் பழைய குறுக்கீடுகளோடு பழைய உறவுகளும் மறைகின்றன. ஒலிபரப்பு வரலாற்றை எழுத முற்படுவோர், நிலையங்களை அவற்றின் வலுவாலும் அரசுரிமையாலும் வகுத்ததோடு அமையாது, அவை உண்மையில் எவருக்குத் துணைநின்றன என்பதாலும் வகுத்தல் வேண்டும். அவ்வாறு வகுப்பின், பெயரிலேயே முரசைத் தாங்கிய இச்சிற்றூர் ஒலிபரப்பின் விளிம்பில் அன்று, அதன் மையத்தில் இடம்பெறும்.