பிழையை நிறுவுவது யார்?



கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியிற் சிறிது தூரம் போனால் மஹய்யாவ என்னும் இடம் வரும். மாத்தளைப் புகையிரதம் அங்கே ஒரு சுரங்கத்தினூடே செல்கின்றது; நகரின் பொது மயானமும் அங்கேதான் உண்டு. இவ்விரண்டையும் வழிப்போக்கர் அறிவர். மாநகர சபையின் சுகாதாரத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடியிருப்பும் அங்கே இருக்கின்றது. அதனை நினைப்பவர் சிலரே. நகரைத் துப்புரவாக வைத்திருப்பதற்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் மக்களின் வழித்தோன்றல்கள் இவர்கள்.

இவர்களுள் ஒருவர், விடியற்காலையில் குப்பை வண்டியிலிருந்து தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார் என வைத்துக்கொள்வோம். வண்டியின் மிதிபலகை உளுத்திருந்தது. அதனை மாற்றும்படி ஓவசியரிடம் முன்னரே சொல்லியும் இருந்தார். அவருக்கு நட்டஈடு உண்டா? உண்டென்றே எவரும் கூறுவர். ஆனால் நூறு ஆண்டுக் காலம் சட்டம் அவ்வாறு கூறவில்லை.

1835ஆம் ஆண்டில், இங்கிலாந்தில், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலைசெய்த ஓர் இளைஞன், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி கவிழ்ந்ததனால் தொடை எலும்பு முறிந்தான். யூரிமார் அவனுக்கு 100 பவுண் வழங்கினர். 1837இல் மேல்மன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. வண்டியின் நிலையை எசமானைப் போலவே வேலையாளும் அறிந்திருக்கக் கூடுமாம். அஞ்சியிருந்தால் ஏற மறுத்திருக்கலாமாம்! வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவன் மறுத்தால் மறுநாள் எங்கே நிற்பான் என்பது நீதிபதிகளின் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட விடயமாயிருந்தது போலும்.

ஐந்து ஆண்டுகளின் பின் அமெரிக்காவிலும் அதே கதை நடந்தது. பொஸ்டன் நகரப் புகையிரதக் கம்பெனியின் இயந்திர சாரதி ஒருவர், தண்டவாளத்தைத் திருப்பிவிடும் சக ஊழியரின் தவறினாற் கையை இழந்தார். சாரதி வேலையின் ஆபத்துக்கும் சேர்த்தே கூடிய சம்பளம் பெற்றிருக்கிறார் என்று பிரதம நீதியரசர் ஷோ 1842இல் தீர்ப்பளித்தார்.

இவ்வாறு தொழிலாளியின் முன் மூன்று மதில்கள் எழும்பின. உடன் வேலைசெய்பவரின் தவறுக்கு எசமான் பொறுப்பல்லர். ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தவர் முறையிடல் ஆகாது. தொழிலாளியிடமும் சிறு கவனயீனம் இருந்தால், அவர் வழக்கு முழுவதும் வீழ்ந்துபோம். இவற்றையெல்லாம் தாண்டினாலும், எசமானின் கவனயீனத்தை நிறுவும் சுமை தொழிலாளியின் தோளிலேயே கிடந்தது. இதுவே மிகப் பெரிய மதில் என்பது என் எண்ணம். எதைக் கொண்டு நிறுவுவது? விபத்தைக் கண்ட சாட்சிகளும் அதே எசமானிடம் கூலி பெறுபவர்கள். பதிவேடு அவருடைய அலுமாரியில். உளுத்த பலகையோ மறுநாளே மாற்றப்பட்டுவிடும்.

சில வேளைகளில் நிகழ்ச்சி தானே பேசும். 1863இல் தீர்ந்த ஒரு வழக்கிலே, லிவர்பூல் நகரில் வீதியாற் சென்ற ஒருவர்மீது மாக்கடையின் மாடியிலிருந்து ஒரு மாப் பீப்பாய் விழுந்தது. எவ்வாறு விழுந்தது என்பதை அவர் நிறுவவேண்டியதில்லை, கவனமாயிருந்தால் பீப்பாய் தானாக விழாது, கடைக்காரரே விளக்கம் கூறட்டும் என்றது நீதிமன்றம். வழிப்போக்கருக்குக் கிடைத்த இந்தச் சலுகை தொழிலாளிக்கு எளிதிற் கிட்டவில்லை.

ஈற்றில் வேறொரு வழி திறந்தது. பிழை யாருடையது என்ற வினாவையே விட்டுவிட்டு, வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்ததா என்று மட்டும் கேட்போம் என்பதே அந்த வழி. ஜெர்மனியில் 1884இலும், பிரித்தானியாவில் 1897இலும், இந்தியாவில் 1923இலும் இக்கொள்கை சட்டமாயிற்று.

இலங்கையில் அது சட்டமான வரலாறு கண்டியோடு தொடர்புடையது. மலையகத் தமிழரான பெரி. சுந்தரம் அவர்கள் கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்று பாரிஸ்டராகித் திரும்பியவர். 1931இல் அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபை சென்று, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். அவர் அப்பதவியில் இருந்த காலத்திலேயே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் எசமானின் கவனயீனத்தை நிறுவும்படி கேட்பதில்லை. நட்டஈட்டு ஆணையாளர் முன் விண்ணப்பித்தாற் போதும். இழந்த உறுப்புக்கு ஏற்ப, உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் குறைந்தது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் வெவ்வேறு கணக்கு எழுதிய அந்தப் பட்டியலை வாசிக்கும்போது உடல் ஒருகணம் கூசும். ஆயினும் வெறுங்கையோடு திரும்புவதிலும் அது மேல். உள்ளூராட்சி மன்றங்களின் பணிகளையும் 'தொழில்' என்றே சட்டம் கொண்டமையால் மாநகர சபையும் விலகிநிற்க முடியாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோதும், வேலையாள் யார் என்று வரையறுத்த இச்சட்டம் எவரிடத்தும் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. வாக்கை இழந்தவரும் முறிந்த காலுக்கு நட்டஈடு கேட்கலாம். பின்னர் 2022இல் வந்த திருத்தம், வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது.

அட்டவணையின் தொகை போதாது என்று கருதுபவர், உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின்படி குடியியல் நீதிமன்றத்தில் வழக்கிடலாம். அங்கே தொகைக்கு அட்டவணை இல்லை; ஆனால் கவனயீனத்தை நிறுவியாகவேண்டும். இரண்டு வழிகளிலும் நட்டஈடு பெறமுடியாது, ஒன்றையே தெரியவேண்டும். மதில்களும் அங்கே முன்போல் உயரமாக இல்லை. ஸ்கொத்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், தகுதியான உடன் ஊழியர், தக்க கருவிகள், பாதுகாப்பான வேலைமுறை ஆகியவற்றை அளிப்பது எசமானின் சொந்தக் கடமை, அதைப் பிறர்மீது சுமத்தித் தப்பமுடியாது என 1937இற் பிரபுக்கள் சபை கூறியது. இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பிழை இருபாலும் இருந்தால் வழக்கு முழுவதையும் தள்ளாமல், பங்கிட்டுக் குறைத்து வழங்கச் செய்தது.

இனி, மஹய்யாவ மக்களின் முன்னோர் புறப்பட்டுவந்த நாட்டிலே நடந்தது ஒன்று. பாதாளச் சாக்கடைக் குழிகளில் இறங்கி நச்சுவாயுவால் மடிந்த துப்புரவுத் தொழிலாளரின் குடும்பங்களுக்கு, 1993 முதல் நேர்ந்த ஒவ்வொரு மரணத்திற்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. பிழையை நிறுவுமாறு கைம்பெண்ணைக் கேட்கவில்லை. மனிதரைக் குழியில் இறக்கியதே பிழை என்பதுபோல் அத்தீர்ப்பு அமைந்தது.

முறிந்த காலுக்கு ஒரு நாளும் நேரமும் உண்டு. வைத்தியசாலைத் துண்டு உண்டு, அன்றைய செக்றோலிற் பெயரும் உண்டு. சேற்று நீரில் நின்று வேலைசெய்தவருக்குச் சில நாட் கழித்து எலிக்காய்ச்சல் வந்தால் அதற்கு நேரமேது? வேலையிடத்தில் வந்ததா, வீட்டருகே வந்ததா என்று எதிர்த்தரப்பு நியாயதுரந்தரர் கேட்பார். அன்றைக்கு எந்த வாய்க்காலில் நின்றார் என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டியவர் ஓவசியர்.